சூரைமீனும் சோவியத் கப்பல்களும்

1985 அக்டோபரில், பசிபிக் பெருங்கடலின் நடுவில் அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஒரு பவளத்தீவு நாடு, சோவியத் யூனியனோடு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டின் பெயர் எழுத்தில் கிரிபாட்டி, வாய்ப்பேச்சில் கிரிபாஸ். ஆங்கிலேயர் வைத்த ‘கில்பர்ட்ஸ்’ என்ற பெயர் உள்ளூர் நாவில் அப்படித் திரிந்தது. அந்த மொழியின் எழுத்துமுறையில் ஸகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. ஒப்பந்தம் மிக எளியது. பதினாறு சோவியத் கப்பல்கள் ஓராண்டு காலம் கிரிபாஸ் கடலில் சூரை பிடிக்கலாம். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வரக்கூடாது, துறைமுகத்தில் நங்கூரமிடக்கூடாது. கட்டணம் சுமார் 17 லட்சம் அமெரிக்க டாலர். வாஷிங்டனிலும் கான்பெராவிலும் வெலிங்டனிலும் இதற்கு எழுந்த பதற்றம், பணத்தின் அளவுக்கும் கப்பல்களின் எண்ணிக்கைக்கும் பொருந்தாத பதற்றம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ‘அமெரிக்காவின் ஏரி’ என்றே பேசப்பட்ட கடலில் செங்கொடி நுழைந்துவிட்டது என்றார்கள். மீன்பிடிக் கப்பல் என்ற பெயரில் வேவுக் கப்பல் வரும் என்றார்கள். உள்ளூரிலும் தேவாலயங்களும் எதிரணியினரும் கடவுள் மறுப்பாளரோடு வியாபாரமா என்று கொதித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை இருவிதமாகச் சொல்லிவருகிறார்கள். வல்லரசுகள் உருட்டிய தாயத்தில் கிரிபாஸ் வெறும் காய் என்பது ஒன்று. ஊர் இரண்டுபட்டதைக் கொண்டாடிய கூத்தாடி அது, யார் அதிகம் கொடுத்தாலும் அவர் பக்கம் சாயும் என்பது இன்னொன்று. முதலாவது இரக்கத்தோடும் இரண்டாவது ஏளனத்தோடும் சொல்லப்படுகிறது. இரண்டுமே தீவுக்காரர்களுக்கு நோக்கம் ஒன்று இருந்திருக்கும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. வல்லரசுகளின் போட்டியில் சிறு தீவு நாடுகள் எதை அடைந்தன, எதை இழந்தன என்பதைக் கையில் வாங்கிய தொகையை வைத்து அளக்க முடியாது என்பது என் வாதம். போட்டி ஓய்ந்து, போட்டியாளர் கிளம்பிப்போன பிறகு எது மிஞ்சி நின்றது என்பதே சரியான அளவுகோல். அப்படி மிஞ்சியவை, போட்டி வருவதற்கு முன்பே தீவுகள் தங்களுக்குள் கட்டிவைத்திருந்த ஏற்பாடுகளின் வழியே வந்தவை.

கிரிபாஸின் நிலையிலிருந்து தொடங்கலாம். நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து 811 சதுர கிலோமீட்டர், முப்பத்துமூன்று தீவுகள். ஆனால் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தைக் கணக்கிட்டால் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல், ஏறக்குறைய இந்தியாவின் நிலப்பரப்பு அளவு. 1979 ஜூலை 12 அன்று பிரிட்டன் அதற்கு விடுதலை கொடுத்தது. அதே ஆண்டில்தான் அதன் பனாபா தீவின் பாஸ்பேட் தீர்ந்தது. 1900 தொடங்கி அந்தத் தீவைத் தோண்டித் தோண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். பனாபா மக்களை 1945-ல் ஃபிஜியின் ரம்பி தீவுக்குக் குடிபெயர்த்தார்கள். 1957, 58-ல் இன்று கிரிபாஸைச் சேர்ந்த மால்டன் தீவிலும் கிறிஸ்துமஸ் தீவிலும் பிரிட்டன் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துப் பார்த்தது. 1962-ல் அமெரிக்காவும் கிறிஸ்துமஸ் தீவருகே வெடித்தது. இவை எதற்கும் தீவு மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. விடுதலை வந்தபோது கனிமம் போய்விட்டது, தென்னையும் மீனும் மிச்சம். முதல் குடியரசுத் தலைவர் யெரேமியா தபாய்க்கு அப்போது வயது 29. பிரிட்டன் ஆண்டுதோறும் பட்ஜெட்டின் துண்டு விழும் தொகையைக் கொடுத்து நாட்டை நடத்தும் நிலையிலிருந்து வெளியே வருவது அவருடைய பிடிவாதமான குறிக்கோள். அதற்கு மீனை விட்டால் வேறு பொருள் இல்லை.

மீன் என்றால் இங்கே சூரை, அதிலும் வரிச்சூரை. மாலத்தீவிலிருந்து வந்து நம் சமையலில் ‘மாசி’ என்று புழங்கும் கருவாடு இதே இனத்து மீன்தான். இது ஓரிடத்தில் நிற்காது. வெதுவெதுப்பான நீரைத் தொடர்ந்து நாடு நாடாக ஓடும். அமெரிக்காவின் சட்ட வாதம் இந்த ஓட்டத்தின் மேல்தான் நின்றது. 1976-ல் அமெரிக்கா தன் கரையிலிருந்து 200 மைல் வரை மீன்வளத்தைத் தனதாக்கும் சட்டத்தை இயற்றியது. ஆனால் சூரையை மட்டும் விலக்கி வைத்தது. தொலைதூரம் இடம்பெயரும் மீன் எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல, எனவே எவர் கடலிலும் பிடிக்கலாம் என்பது அதன் நிலை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் 1983-ல் பொருளாதார மண்டலத்தை அறிவித்தபோதும் இதுவே தொடர்ந்தது. தன் கரையோர மீன்களுக்கு எல்லை போட்டுக்கொண்டு, சான் டியேகோ முதலாளிகளின் படகுகள் பிறர் கடலில் பிடிக்கும் மீனுக்கு மட்டும் எல்லையே இல்லை என்ற வாதத்தின் அநியாயத்தைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை. சட்டத்துக்குப் பல்லும் இருந்தது. ஒரு நாடு அமெரிக்கச் சூரைப் படகைப் பிடித்தால், அந்த நாட்டிலிருந்து மீன் இறக்குமதி தானாகவே தடைபடும். படகுக்காரருக்கு அமெரிக்க அரசு நஷ்டஈடு கொடுக்கும். 1982, 83-ல் எல் நினோ கிழக்குப் பசிபிக்கைக் குலைத்தபோது அமெரிக்கச் சுருக்குமடிப் படகுகள் கூட்டமாக மேற்கே நகர்ந்தன. 1984-ல் சாலமன் தீவுகள் தன் கடலில் ‘ஜீனெட் டயானா’ என்ற அமெரிக்கப் படகைப் பிடித்துப் பறிமுதல் செய்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. சாலமன் தீவுகளின் மீனுக்கு அமெரிக்கச் சந்தை மூடியது. படகைப் பழைய உரிமையாளரே திரும்ப வாங்கிக்கொண்ட பிறகுதான் தடை நீங்கியது. திருட்டைக் கண்டுபிடித்தவருக்குத் தண்டனை என்ற இந்தச் செய்தி பசிபிக் முழுவதும் பரவிய சூழலில்தான், அமெரிக்கப் படகுச் சங்கத்தோடு கிரிபாஸ் வைத்திருந்த ஏற்பாடு 1984 முடிவில் காலாவதியானது. புதுப்பிப்பதற்கு விலை படியவில்லை. மாஸ்கோவோடு பேச்சு தொடங்கியது அதன் பின்பே. இந்த வரிசையை மறந்துவிட்டு 1985-ஐப் பேசுவதால்தான் கிரிபாஸ் கூத்தாடியாகத் தெரிகிறது.

போட்டி இருந்தாலே சிறியவருக்கு ஆதாயம் என்று நினைப்பதற்கு வரலாற்றில் இடமில்லை. நூறாண்டு முந்தைய சமோவாவே சாட்சி. 1880-களில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் சமோவாவில் மோதின. மலியெட்டோவா, மதாஃபா, தமசேசே என்று பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய தலைவர்கள் பலர். ஆளுக்கொரு வல்லரசு ஆதரவு. 1889 மார்ச்சில் அபியா துறைமுகத்தில் மூன்று நாட்டுப் போர்க்கப்பல்களும் ஒன்றையொன்று முறைத்து நின்றபோது சூறாவளி அடித்து, ஜெர்மன், அமெரிக்கக் கப்பல்கள் ஆறும் சிதைந்தன. பிரிட்டனின் ‘கல்லியோப்’ மட்டும் திறந்த கடலுக்குத் தப்பியது. பத்தாண்டு கழித்து, 1899-ல், சமோவா இரண்டாகப் பிளக்கப்பட்டது; மேற்கு ஜெர்மனிக்கு, கிழக்கு அமெரிக்காவுக்கு. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. பக்கத்தில் இருந்த டோங்காவும் அதே காற்றில்தான் நின்றது. ஆனால் முதலாம் ஜார்ஜ் துப்போ தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்து, 1875-ல் அரசியலமைப்பு ஒன்றை எழுதி, நிலத்தை விற்பதைத் தடைசெய்து, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றோடும் தனித்தனி ஒப்பந்தம் செய்துவைத்திருந்தார். 1900-ல் டோங்கா பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்க நேர்ந்தது உண்மை. ஆனால் அது தன் அரசனையும் நிலத்தையும் இழக்கவில்லை. போட்டியாளர்கள் ஒரே ஆட்கள், போட்டியும் ஒன்று, கடலும் ஒன்று. முன்கூட்டியே ஒரு வீடு கட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். கிழக்குச் சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தில் அமெரிக்க டப்பாமீன் ஆலைகள் எழுந்ததும், எண்பதுகளில் பசிபிக் சூரை அங்கே வந்து இறங்கியதும் அந்தப் பிளவின் நீண்ட நிழல் என்று சொல்லலாம்.

1980-களின் தீவு நாடுகள் சமோவாவைவிட டோங்காவை ஒத்திருந்தன. விடுதலை பெற்று ஐந்து, பத்து ஆண்டுகளே ஆகியிருந்தாலும் 1979-லேயே தென் பசிபிக் மன்ற நாடுகளின் மீன்வள முகமையைச் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் நிறுவியிருந்தன. எந்தப் படகு எவ்வளவு பிடித்தது, யார் யாருக்கு என்ன கட்டணம் கொடுத்தார் என்ற தகவல் அங்கே திரண்டது. அதுவரை ஒவ்வொரு தீவும் இருட்டில் தனியாக விலை பேசிவந்தது. 1982-ல் சூரை அதிகம் திரியும் நாடுகள் நவுரு உடன்பாட்டில் கையெழுத்திட்டு, வெளிநாட்டுப் படகுகளுக்கு ஒரேமாதிரியான நிபந்தனை விதிக்க ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது, அமெரிக்கா கையெழுத்திடவில்லை. ஆக, சோவியத் கப்பல்கள் வரும்போது தீவுகளின் கையில் சட்டத்தின் பலமும் கூட்டு அலுவலகமும் இருந்தன. இல்லாமல் இருந்தது, அமெரிக்காவை அவசரப்படுத்தும் ஒரு காரணம். அதை மாஸ்கோ கொண்டுவந்தது. மீன்வள முகமை நாடுகளும் அமெரிக்காவும் 1984 முதல் நடத்திய பேச்சுவார்த்தை 1986 அக்டோபரில் டோங்காவின் நுகுஅலோஃபாவில் முடிவுக்கு வந்தது. 1987 ஏப்ரல் 2 அன்று போர்ட் மோர்ஸ்பியில் கையெழுத்தாயிற்று. முகமையின் பதினாறு நாடுகளோடு ஒரே ஒப்பந்தம். ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர். அமெரிக்கப் படகுகள் உரிமம் வாங்க வேண்டும், பார்வையாளர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும், மூடிய பகுதிகளுக்குள் நுழையக்கூடாது. கொள்கையளவில் தன் சட்ட நிலையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டது. உரிமம் வாங்கிப் பிடிக்க ஒப்புக்கொண்டவர் அந்தக் கடல் யாருடையது என்பதையும் ஒப்புக்கொண்டவர்தானே. 1990-ல் அமெரிக்கா தன் சட்டத்தையே திருத்திச் சூரையையும் கரையோர நாட்டின் அதிகாரத்துக்குள் சேர்த்தது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. பேச்சுவார்த்தை 1984-லேயே தொடங்கிவிட்டது. கடல் சட்டத்தின் போக்கு அந்தத் திசையில்தான் இருந்தது. படகு பறிமுதல்களால் அலுத்துப்போன அமெரிக்க மீன்பிடித் தொழிலே நிலையான ஏற்பாட்டை விரும்பியது. எனவே சோவியத் ஒப்பந்தம் இல்லாமலேயே இது நடந்திருக்கும் என்கிறார்கள். உரிமம் என்ற ஏற்பாடு என்றாவது வந்திருக்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலரில், படகுத் தொழில் கொடுத்தது சுமார் 20 லட்சம். மீதி ஒரு கோடியை அமெரிக்க அரசாங்கம் தன் கருவூலத்திலிருந்து கொடுத்தது. வெறும் மீனுக்கான பேரமாக இருந்திருந்தால் மீன் பிடிப்பவர் கொடுத்திருப்பார், குறைத்தும் கொடுத்திருப்பார். அரசு கொடுத்த ஒரு கோடி, சோவியத் கப்பல்கள் மறுபடி வராமல் இருப்பதற்கான விலை. 1987 ஜனவரியில் வனுவாட்டுவும் மாஸ்கோவோடு சுமார் 15 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்து, கிரிபாஸ் கொடுக்காத துறைமுக வசதியையும் கொடுத்தது. போர்ட் மோர்ஸ்பி கையெழுத்து அதற்கு மூன்று மாதத்துக்குள். இது டோங்கா ஏற்கெனவே காட்டிய பாடமும்கூட. 1976-ல் விமான நிலையத்தை விரிவாக்கித் தருகிறோம், மீன்பிடித் தளம் தாருங்கள் என்று சோவியத் தூதர் டோங்காவில் பேசிவிட்டுப் போனதுமே, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தீவுகளுக்கான உதவியைப் பலமடங்கு கூட்டின. ஒரு சோவியத் படகும் வரவில்லை. பேச்சு மட்டும்தான் வந்தது.

ஆனாலும் போட்டியின் வலிமைக்கு எல்லை இருந்தது. 1985 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளில், தீவு நாடுகள் ரரோட்டோங்காவில் அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோவியத் யூனியன் 1986 டிசம்பரிலும் சீனா 1987 தொடக்கத்திலும் அதன் இணைப்பு நெறிகளில் கையெழுத்திட்டன. அமெரிக்கா மறுத்தது. 1996-ல்தான் கையெழுத்திட்டது, அதன் செனட் இன்றுவரை அதை ஏற்கவில்லை. மீனில் இறங்கிவந்த அதே அரசு, அதே ஆண்டுகளில், அணு ஆயுதக் கப்பலின் பாதையில் அங்குலமும் நகரவில்லை. குண்டுவெடிப்பின் கீழ் வாழ்ந்த கிறிஸ்துமஸ் தீவை நினைத்தால் இந்தத் தோல்வி மனதை உறுத்துகிறது. வல்லரசு தன் உயிர்நாடி என்று கருதும் விஷயத்தில் சிறியவரின் பேரம் பலிக்காது. எதில் விட்டுக்கொடுப்பது அதற்கு மலிவோ அதில் மட்டும் பலிக்கும்.

அடுத்து, மிஞ்சி நின்றது எது என்று பார்க்கலாம். கிரிபாஸின் சோவியத் ஒப்பந்தம் 1986 அக்டோபரில் முடிந்தது. பிடித்த மீன் போதவில்லை, கட்டணத்தைக் குறையுங்கள் என்றது மாஸ்கோ, தபாய் சம்மதிக்கவில்லை, கப்பல்கள் போய்விட்டன. வனுவாட்டு ஒப்பந்தமும் ஓராண்டோடு நின்றது. ஐந்தாண்டில் சோவியத் யூனியனே இல்லை. அத்தோடு மேற்கின் அக்கறையும் வற்றியது. அமெரிக்கா 1993-ல் ஹோனியாரா தூதரகத்தை மூடியது. பிரிட்டன் பின்னாளில் கிரிபாஸின் தராவா உட்பட மூன்று தீவுத் தலைநகரங்களில் தன் தூதரகங்களை மூடியது. உதவித் தொகைகளும் உபசரிப்புகளும் போட்டியோடு வந்து போட்டியோடு போயின. சூரை ஒப்பந்தம் மட்டும் போகவில்லை. அது 1993-லும் 2003-லும் நீட்டிக்கப்பட்டது. அதன் மேல்தான் நவுரு உடன்பாட்டு நாடுகள் 2007 வாக்கில் படகு-நாள் முறையைக் கட்டின. எத்தனை டன் மீன் என்று பேசாமல், எங்கள் கடலில் எத்தனை நாள் என்று விற்கும் முறை அது. மொத்த நாட்களுக்கு வரம்பு, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை. 2010-ல் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலராக இருந்த கூட்டு வருவாய் சில ஆண்டுகளில் 50 கோடி டாலரை நெருங்கியது. கிரிபாஸ் அரசின் வருவாயில் பெரும்பங்கு இன்று இந்த உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது.

சீனாவா தைவானா என்ற தூதரக அங்கீகாரத்தை விற்பது வேறு கதை. போட்டியை வைத்துப் பிழைப்பதில் ஊழல் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நவுரு 1980-ல் தைவானை ஏற்றது, 2002-ல் சீனாவுக்கு மாறியது, 2005-ல் தைவானுக்குத் திரும்பியது, 2024 ஜனவரியில் மீண்டும் சீனாவுக்கு மாறியது. கிரிபாஸும் இதில் விலகி நிற்கவில்லை. 1997-ல் தெற்குத் தராவாவில் சீனா செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. 2003 நவம்பரில் குடியரசுத் தலைவர் அனோட்டே டோங்கின் அரசு தைவானை அங்கீகரித்ததும் அதைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2019-ல் கிரிபாஸ் திரும்பவும் சீனாவோடு சேர்ந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் சாலமன் தீவுகள் மாறியிருந்தது. அங்கே தைவான் ஆண்டுக்கணக்காக நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி நிதிக்குப் பணம் கொடுத்துவந்தது; பிறகு சீனா கொடுத்தது. 2021 நவம்பரில் ஹோனியாராவின் சைனாடவுன் எரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த மாற்றமும் அதனால் மலைட்டா மாகாணத்தோடு எழுந்த பகையும் அவற்றில் அடங்கும். அங்கீகாரம் ஒவ்வொரு நாடும் தனியாக விற்கும் சரக்கு. வாங்கியவர் போனால் அதற்காக வந்ததும் போகும், கண்காணிப்பு நிலையம் போனதுபோல. கிடைக்கும் பணமும் பொதுக் கருவூலத்துக்கு வராமல் பதவியில் இருப்பவரின் கைகளைச் சுற்றி நின்றுவிடுகிறது. ஒரு நாடு தைவானை ஏற்பதா சீனாவை ஏற்பதா என்பது அதன் உரிமை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாற்றங்களையும் சூரை ஒப்பந்தத்தையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுமே விலைபோதல் என்பது பார்வைக் கோளாறு.

கூட்டாக நிற்பது என்பது எளிதில் உடையக்கூடியது, அதை நம்பி எப்படி வாதம் கட்டுவது என்றும் கேட்கலாம். உண்மைதான், 2022 ஜூலையில் கிரிபாஸே பசிபிக் தீவுகள் மன்றத்திலிருந்து வெளியேறியது, அடுத்த ஆண்டுதான் திரும்பியது. ஆனால் அதே 2022 மே இறுதியில், சாலமன் தீவுகளோடு பாதுகாப்பு ஒப்பந்தம் முடித்த கையோடு சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி பத்துத் தீவு நாடுகளுக்கும் ஒரே ஆவணத்தைக் கொண்டுவந்தபோது, ஃபிஜியின் சுவாவில் நடந்த கூட்டத்தில் அந்த நாடுகள் எங்களுக்குள் கருத்தொற்றுமை வந்த பிறகே கையெழுத்து என்று தள்ளிவைத்தன. அவற்றில் சில சீனாவுக்கு மிக நெருக்கமானவை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா, சூரை ஒப்பந்தத்தின் பேரில் பத்தாண்டுக்கு 60 கோடி டாலர் தரத் தன் காங்கிரஸிடம் அனுமதி கேட்பதாக அறிவித்தது. 2023-ல் ஹோனியாரா தூதரகத்தை மறுபடி திறந்தது. முப்பது ஆண்டு மறந்திருந்த ஊருக்குத் திரும்பிவந்தபோது, கையில் எடுத்துக்கொள்ள அதனிடம் இருந்த பழைய பத்திரம் 1987-ல் தீவுகள் எழுதவைத்த பத்திரம்.

போட்டியின் உதவி இல்லாமலே அந்தப் பத்திரம் எப்படி வேலை செய்தது என்பதற்கு 2016-ன் தொடக்கம் சான்று. படகு-நாள் விலை ஏறிவிட்டது, ஒப்புக்கொண்ட நாட்களுக்குப் பணம் கட்ட முடியாது என்றது அமெரிக்கப் படகுத் தொழில். ஒப்பந்தத்திலிருந்தே விலகுவதாக வாஷிங்டன் அறிவிக்கையும் கொடுத்தது. ஹோனியாராவிலிருந்த மீன்வள முகமை பணம் வராமல் உரிமம் இல்லை என்று நிறுத்திவைத்தது. ஜீனெட் டயானா பிடிபட்ட காலத்தில் இப்படி ஒரு வார்த்தைக்குத் தீவுகள் தங்கள் மீன்சந்தையை இழந்திருக்கும். இம்முறை முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சுருக்குமடிப் படகுகள் சூரை மிகுந்த அந்தக் கடலுக்குள் நுழைய முடியாமல் வாரக்கணக்கில் காத்திருந்தன. பேசி முடித்து, பணம் கட்டி, உரிமம் வாங்கிய பிறகே கிளம்பின. விலகல் அறிவிக்கையும் பின்னர் கைவிடப்பட்டது.